எபேசியர் 2:8-ஐ திடப்படுத்தல் வகுப்பில் எப்படி நடத்துவது?

டிக்கோயா_ஞாயிறுபள்ளி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தேயிலைத் தோட்டத்துச் சபையில் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தப்படுத்துவது. பதினாலு, பதினஞ்சு வயதுப் பிள்ளைகள். கிருபையினாலே இரட்சிப்பு என்ற பாடத்துக்கு இரண்டு ஞாயிறு, முக்கால் முக்கால் மணி நேரம் இருக்கிறது. எபேசியர் 2:8-9 எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் "அப்ப நல்லது செய்யத் தேவையில்லையா டீச்சர்?" என்று ஒருவர் கேட்பார், மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற யாக்கோபு 2:24-ஐ இன்னொருவர் தூக்கிக்கொண்டு வருவார். அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு, ஜெபவீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?

பழைய_உபதேசி

தங்கச்சி, 8-இல் தொடங்காதீங்க, 9-இல் நிறுத்தவும் வேண்டாம். குழப்பத்தில் பாதி அந்த வெட்டினால் வருவதுதான். 2:1 முதல் 10 வரை ஒரே துண்டு.

முதல் ஞாயிறு 1-7 மட்டும். எல்லார் கையிலும் பென்சில் கொடுத்து, தேவன் செய்தது எது, நாம் செய்தது எது என்று தனித்தனியாகக் கோடு போடச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் மரித்திருந்ததும், மாம்சமும் மனசும் விரும்பினபடி நடந்ததும்தான் விழும். உயிர்ப்பித்தது, எழுப்பினது, உட்காரச் செய்தது மூன்றும் அவர் பக்கம், மூன்றும் கிறிஸ்துவோடேகூட. நீங்கள் விளக்காமலே பிள்ளைகளுக்குப் புரியும்.

இரண்டாம் ஞாயிறு 8-10, கூடவே ரோமர் 4:4-5. கிரியை செய்கிறவனுக்கு வருவது கூலி, அது கிருபையல்ல, கடன் என்கிறார் பவுல். நம்ம பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான வசனம் கிடையாது. கொழுந்து நிறுத்து, கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிற கணக்கு எந்த வீட்டில் தெரியாது? முழுப் பேர் போட்டால் துரைக்கு யாரும் நன்றி சொல்லப்போவதில்லை, அது உழைத்த காசு. இரட்சிப்பு அந்தச் செக்ரோலில் (தோட்டத்து வரவு, சம்பளப் பதிவில்) ஏறுகிற பேர் அல்ல.

"நல்லது செய்யத் தேவையில்லையா" என்பதற்குப் பதில் 10-ஆம் வசனத்திலேயே இருக்கிறது: நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டோம். கிரியை உண்டு, ஆனால் இரட்சிப்புக்குப் பின்னால் வருகிறது. பிடிவாதமாகக் கேட்கிற பிள்ளைக்கு ரோமர் 6:1-2: கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா? கூடாதே.

யாக்கோபுக்குப் பலகையில் ஒரு கோடு போடுங்கள். ஆதியாகமம் 15:6-இல் ஆபிரகாம் விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது. 16:16-இல் இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு 86 வயது. 17:24-இல் விருத்தசேதனம், வயது 99. ஈசாக்கைப் பலிபீடத்தில் வைப்பது 22-ஆம் அதிகாரத்தில். நீதியாக எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவில் 13 வருஷமாவது ஓடியிருக்கிறது. ரோமர் 4:10-இல் பவுல் பிடிப்பது இந்த இடைவெளியைத்தான். யாக்கோபு நிற்பது ஆதியாகமம் 22-இல், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த இடத்தில். ஒன்றுமில்லாதவனைத் தேவன் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பது அவர் கேள்வி அல்ல. துணியில்லாதவனிடம் "குளிர்காய்ந்து பசியாறு" என்று சொல்லி அனுப்புகிறவனின் விசுவாசம் உயிருள்ளதா என்று கேட்கிறார். 2:19-ஐ மறக்காமல் வாசியுங்கள், பிசாசுகளும் விசுவாசிக்கின்றன.

பண்டாரவளை_வாசகன்

உபதேசியார் சொன்ன செக்ரோலோடு மத்தேயு 20-ஐயும் சேர்க்கத் தோன்றும். பதினோராம் மணிக்கு, நம்ம கணக்கில் சாயங்காலம் அஞ்சு மணி வாக்கில், வந்தவனுக்கும் ஒரு பணம். பாடம் இனிக்கும், ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது: அவனும் ஒரு மணி நேரம் வேலை செய்தான். "கொஞ்சமாவது செய்தால் மிச்சத்தை இயேசு போட்டுக்கொடுப்பார்" என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த உவமை எஜமானின் தயாளத்தையும் முந்தி வந்தவர்களின் முறுமுறுப்பையும் பற்றியது. உடனே ரோமர் 4:5-ஐ வாசித்து, "கிரியை செய்யாமல்" என்ற இடத்தில் நிறுத்துங்கள்.

மறைக்கல்வி_கண்டி

ஒரு வேண்டுகோள் டீச்சர். "கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பை வாங்குகிறார்கள்" என்று தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கமே, ஏற்புடையவராக்கப்படுவதற்கு (நீங்கள் நீதிமானாக்கப்படுதல் என்பதற்கு) முந்திய எதுவும், விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளை ஈட்டித் தராது என்று சொல்லிவிட்டது. உண்மையான வேறுபாடு வேறு இடத்தில்: "விசுவாசத்தால் மட்டுமே" என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது, அருள் பெற்றபின் செய்யும் நற்செயலுக்குக் கைம்மாறு உண்டா என்பதில். 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுபற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன, 2006-இல் மெதடிஸ்தரும் சேர்ந்தார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அல்ல. ஆனால் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பிள்ளையைப் பற்றி வகுப்பில் தப்பாகச் சொல்லாமலிருக்க இது போதும்.

டிக்கோயா_ஞாயிறுபள்ளி

நன்றி ஐயா, நன்றி சகோதரரே. ஜெபவீட்டுப் பக்கத்திலிருந்து வருவது வேறு மாதிரி. "விசுவாசம் பத்தல, அதான் சுகம் வரல" என்கிறார்கள். பொருத்தனைக் காணிக்கையும் (நேர்ந்துகொண்டு கொடுப்பது) அப்படித்தான், கொடுத்தால் நடக்கும் என்று.

பழைய_உபதேசி

அங்கே விசுவாசமே ஒரு கிரியையாகிவிட்டது, அதையும் கிலோக்கணக்கில் நிறுக்கிறார்கள். மாற்கு 9:24-ஐ எடுங்கள். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் மகனைத்தான் இயேசு குணமாக்கினார். இரட்சிக்கிறவர் கிறிஸ்து, விசுவாசம் அவரைப் பிடித்துக்கொள்ளுகிறது, அவ்வளவுதான். பொருத்தனைக்கு சங்கீதம் 116:12-14. கர்த்தர் செய்த உபகாரங்கள் முதலில், செலுத்துவது பிறகு. உபவாசமும் அதே வரிசைதான். காணிக்கை கொடுக்காதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வீட்டில் அம்மாவோடு சண்டை வரும்.

இரண்டாம் ஞாயிறு முடிவில் வசனத்தை ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். "இந்தக் கிழமை ஒருநாளும் ஜெபிக்கவில்லை என்றால் தேவன் உங்களை ஏற்றுக்கொள்வது குறையுமா?" என்று துண்டுக் கடதாசியில் பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள். பாதிப் பேராவது "குறையும்" என்று எழுதியிருந்தால் மூன்றாவது ஞாயிறு ஒன்று கேட்டு வாங்கி, நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிற ரோமர் 5:6-10-ஐ மட்டும் நடத்துங்கள்.