மாமா கம்பெனியில் ஏஜெண்ட் போடலாமா?

குழு: ஆயர் ஈத்தாம் வீடு

வியாழன்

சேகர் மாமா, இரவு 8:41
கவி, வேலை முடிந்து வந்துவிட்டாயா? ஆபீஸ் சர்வர் பார்க்கிற பையன் ஒரு கொட்டேஷன் அனுப்பியிருக்கிறான். எல்லாக் கணினியிலும் மானிட்டரிங் ஏஜெண்ட் போட வேண்டுமாம். ஸாபிக்ஸ் என்று எழுதியிருக்கிறான். போடலாமா, இல்லை காசு பிடுங்குகிற வேலையா?

பெரியம்மா, 8:44
ஞாயிற்றுக்கிழமைக்குத் தோசை மாவு யார் வாங்கி வருவது? அதை முதலில் சொல்லுங்கள்.

தினேஷ், 8:45
நான் கோலாலம்பூரில் இருக்கிறேன் அத்தை, என்னை விட்டுவிடுங்கள் 😄

கவி, 8:52
மாவு நான் வாங்கி வருகிறேன் பெரியம்மா.
மாமா, ஸாபிக்ஸுக்குக் காசு கிடையாது, திறந்த மூல மென்பொருள். லாட்வியாக்காரர்கள் செய்தது, 2001 முதல் இருக்கிறது. அவர் கேட்பது நிறுவிப் பார்த்துக்கொள்வதற்கான கூலி. எவ்வளவு?

சேகர் மாமா, 8:54
மெஷினுக்கு மாதம் 15 வெள்ளி (ரிங்கிட்). பிறையில் 14, கிள்ளான் கிளையில் 3, சர்வர் 2.

தினேஷ், 8:55
மாதம் 285 வெள்ளி. லாரி என்பிசிடி துறைமுக வாசலில் நின்றதே அப்பா, அன்றைக்கு எவ்வளவு போனது?

லதா அத்தை, 8:57
அதை ஏன் கேட்கிறாய். சுங்கத்துக்கான கே1 பாரம் போகவே இல்லை, திரை சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் சர்வரில் இடமே இல்லையாம். பழைய பேக்கப் மாதக்கணக்கில் குவிந்து கிடந்திருக்கிறது. டிரைவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் அடிக்கிறார், எனக்கு வியர்த்துவிட்டது.

கவி, 9:03
இதைப் பிடிக்கத்தான் அந்த ஏஜெண்ட். கணினியில் பின்னால் ஓடுகிற சின்ன நிரல். சிபியு எவ்வளவு, மெமரி எவ்வளவு, டிஸ்க்கில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, எந்த சர்வீஸ் நின்றுவிட்டது என்று குறிப்பிட்ட இடைவெளியில் எண்ணி நடு சர்வருக்கு அனுப்பும். ஸாபிக்ஸின் ஆயத்த டெம்ப்ளேட்டில் டிஸ்க் 80% தாண்டினால் எச்சரிக்கை, 90% தாண்டினால் அவசரம். பேக்கப் ஒரே ராத்திரியில் குவியவில்லையே. 80% ஆன அன்றே தெரிந்திருக்கும்.

லதா அத்தை, 9:05
சரி. என் திரையையும் பார்க்குமா? மதியம் சாப்பிடும்போது நான் வாட்ஸ்அப் திறந்து வைத்திருப்பேன்.

சேகர் மாமா, 9:05
😂 இப்போது தெரிகிறது

கவி, 9:12
திரையைப் படம் பிடிக்காது அத்தை, விசைப்பலகையில் என்ன தட்டுகிறீர்கள் என்றும் பார்க்காது. ஊழியரை வேவு பார்க்கும் மென்பொருள் வேறு வகை. ஆனால் மாமா, இதுவும் பசு இல்லை. சர்வர் கேட்டால் கணினியில் உள்ள கோப்பை வாசித்துக் கொடுக்கும் வசதி இதில் உண்டு. விண்டோஸில் வழக்கமாக லோக்கல் சிஸ்டம் கணக்கில்தான் ஓடும், அதாவது முழு அதிகாரம். தூரத்திலிருந்து கட்டளை ஓட்டும் வசதியும் இருக்கிறது, ஆனால் நிறுவும்போதே அது அடைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பையன் வசதிக்காக அதைத் திறந்துவிடக்கூடாது. எழுத்தில் வாங்குங்கள்.

தினேஷ், 9:15
2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் ஒரு அப்டேட் அனுப்பி உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அதுவும் ஏஜெண்ட்தானே?

கவி, 9:21
நல்ல கேள்வி. அது பாதுகாப்பு ஏஜெண்ட், விண்டோஸின் கெர்னலுக்கு, அதாவது அதன் அடிப்படைக் கருவுக்கு, உள்ளேயே இறங்கி வேலை செய்வது. அங்கே தப்பு நடந்தால் கணினியே எழுந்திருக்காது. ஸாபிக்ஸ் ஏஜெண்ட் சாதாரண சர்வீஸ். விழுந்தால் அது மட்டும் விழும், கே1 பாரம் அது பாட்டுக்குப் போகும். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எல்லாக் கணினியிலும் ஒரே நாளில் போடக்கூடாது. பதிப்பு மாற்றும்போதும் அப்படித்தான்.

தினேஷ், 9:23
ப்ரோமிதியஸ் என்று இன்னொரு மானிட்டரிங் மென்பொருள் இருக்கிறதே, அதைப் போட்டிருக்கலாம். இப்போது எல்லாரும் அதுதான்.

கவி, 9:29
உன் ஆபீஸில் சரி. ப்ரோமிதியஸ் வழக்கமாகத் தானே போய் ஒவ்வொரு கணினியிடமும் கேட்டு எடுத்துக்கொள்ளும். கிள்ளான் கணினிகள் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கின்றன, பிறையிலிருந்து அவற்றைத் தட்டுவதற்கு வழி செய்ய வேண்டும். ஸாபிக்ஸில் இரண்டு விதமும் உண்டு. பாஸிவ் என்றால் சர்வர் வந்து கணினியின் 10050 போர்ட்டில், அதாவது அந்த எண் கதவில், கேட்கும். ஆக்டிவ் என்றால் ஏஜெண்டே சர்வரின் 10051-க்குப் போய்க் கொட்டிவிட்டு வரும். கிள்ளானுக்கு ஆக்டிவ் போதும், அந்தப் பக்கம் ஒரு கதவும் திறக்க வேண்டாம். ஐடிக்கு ஆளே இல்லாத ஆபீஸில் டெம்ப்ளேட், படம், எச்சரிக்கை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுதான் நல்லது.

தினேஷ், 9:30
👍 சரி சரி

சேகர் மாமா, 9:31
எனக்குப் பாதி புரிந்தது. எச்சரிக்கையை இந்தக் குழுவுக்கே அனுப்பச் சொல்லட்டுமா?

பெரியம்மா, 9:32
வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே குட்மார்னிங் படம் தாங்க முடியவில்லை.

கவி, 9:40
😄 உங்களுக்கும் அத்தைக்கும் டெலிகிராமில் வரட்டும் மாமா. எதெல்லாம் வர வேண்டும் என்பதில்தான் கறாராக இருங்கள். சிபியு ஒரு நிமிடம் ஏறி இறங்கினால் அதற்கெல்லாம் செய்தி வேண்டாம். முதல் வாரமே நாற்பது ஐம்பது வந்தால் நீங்கள் மியூட் போட்டுவிடுவீர்கள், அப்புறம் டிஸ்க் நிரம்பிய செய்தியும் அதோடு போய்விடும். டிஸ்க், பேக்கப், கே1 அனுப்பும் சர்வீஸ். இந்த மூன்றும் போதும்.
அப்புறம் நான்காவது ஒன்று, இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஏஜெண்டே செத்துப்போனால் எண் வராது. எண் வராவிட்டால் டிஸ்க் எச்சரிக்கையும் வராது. பார்க்கிறவருக்கு எல்லாம் நலம் போலவே இருக்கும். அதனால் ஐந்து நிமிடம் தகவல் வராவிட்டால் சத்தம் போடு என்று தனியாக ஒரு விதி வைக்க வேண்டும்.

லதா அத்தை, 9:42
சாகாமலே சும்மா இருந்தால்?

கவி, 9:47
அதுவும் நடக்கும் அத்தை 😄 ஆக்டிவ் முறையில் ஏஜெண்டின் கோப்பில் எழுதிய பெயரும் சர்வரில் பதிந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. ஓர் எழுத்து மாறினாலும் சர்வீஸ் ஓடுவதாகக் காட்டும், ஓர் எண்ணும் போகாது. லாக் கோப்பைத் திறந்தால்தான் "ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்" என்று இருக்கும். அதனால் "போட்டாச்சு" என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு கணினியின் கடைசி எண் எத்தனை மணிக்கு வந்தது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள்.

சேகர் மாமா, 9:50
ஸ்டாஃபிடம் சொல்ல வேண்டுமா?

கவி, 9:54
கண்டிப்பாக. யார் எப்போது லாகின் ஆனார் என்பதெல்லாம் சேர்ந்தால் அது அவர்களுடைய தனிப்பட்ட விவரம், 2010 பிடிபிஏ, அதாவது தனிப்பட்ட விவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். என்ன சேகரிக்கிறோம், எதற்கு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், சொல்லாமல் போட்டால் மறுநாளே முதலாளி கேமரா வைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பிவிடும்.

லதா அத்தை, 9:55
இப்போதே நான் அதைத்தான் நினைத்தேன்.

வெள்ளி

சேகர் மாமா, மதியம் 1:18
பையனிடம் பேசிவிட்டேன். தூரக் கட்டளை திறக்க மாட்டேன் என்று மெயில் அனுப்பிவிட்டான். நாளைக்கே எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறேன் என்றான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே தொடங்கச் சொல்லட்டும்?

லதா அத்தை, 1:20
என் கணினி வேண்டாம், மாதக் கணக்கு முடியவில்லை.

கவி, 1:26
ஸ்டோர் ரூமில் ஒன்று இருக்கிறதே, அதில் தொடங்கட்டும். ஒரு வாரம் ஓடட்டும். அப்புறம் கிள்ளான், அப்புறம் மற்ற கணினிகள். கே1 சர்வர் கடைசி, அதுவும் கப்பல் வராத நாளாகப் பார்த்து.

சேகர் மாமா, 1:31
கிள்ளான் ஆபீஸின் ஐபி (இணைய முகவரி எண்) கேட்கிறான். அதற்கு மட்டும் பிறை சர்வரில் 10051-ஐத் திறப்பானாம். அந்த ஐபியை எங்கே பார்ப்பது?

கவி, 1:34
அங்கே வீட்டு லைன் மாதிரி சாதாரண இணைப்புதானே? அதில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், இன்றைக்குக் கொடுத்தால் அடுத்த மாதம் வேலை செய்யாது. அப்புறம் எல்லாருக்கும் திறந்துவிடலாமா என்று கேட்பார். கூடாது. விபிஎன், அதாவது இரண்டு ஆபீஸுக்கும் நடுவே இணையத்தில் தனிப் பாதை, போடச் சொல்லுங்கள்.

சேகர் மாமா, 1:35
அதற்குத் தனிக் காசு கேட்பானே.

கவி, 1:36
கேட்கட்டும் மாமா, அந்தக் காசு நியாயம். மாதம் 15 வெள்ளியைத்தான் குறைக்கச் சொல்லிப் பாருங்கள்.