ஆன்டிபயாடிக் எதிர்ப்பு, ஜீனோம் ஆய்வு: சின்ன நிதியை எதில் போடுவது?

ஈரத்தட்டு:
வணக்கம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். துறைகள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கென்று ஒரு வருஷ நிதி அறிவித்திருக்கிறார்கள், தொகை சின்னதுதான், இரண்டு துறைக்காரர்களாவது சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் ஃப்ரீசரில் இருநூறு சொச்சம் இ. கோலை, கிளெப்சியெல்லா பாக்டீரியாக்கள் இருக்கின்றன, பாதி நோயாளிகளிடமிருந்து, பாதி கழிவுநீரிலிருந்து எடுத்தவை. எல்லாவற்றின் ஜீனோமையும் (முழு டிஎன்ஏவையும்) சீக்வென்ஸ் செய்து, அதாவது எழுத்தெழுத்தாகப் படித்து, கணினித் துறை நண்பர் ஒருவரை வைத்து எது எந்த மருந்துக்குக் கட்டுப்படாது என்று மெஷின் லேர்னிங்கில் கணிக்கலாம் என்பது என் திட்டம். பணம் முழுக்க சீக்வென்சிங்குக்கே போய்விடும். இப்படி எழுதினால் எடுபடுமா?

நீள்வரிசை:
இப்படியே அனுப்பாதீர்கள். இந்த மாதிரி விண்ணப்பங்களை மதிப்பிட்டிருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன்: உங்கள் திட்டத்தில் கணினிக்காரருக்குப் பத்தாவது மாதம் வரை வேலையே இல்லை. கேள்வி உங்களுடையது, அவர் கடைசியில் வந்து கணக்குப் போட்டுத் தருபவர், அவ்வளவுதான். இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் பதில் கிடைத்துவிடும் என்றால் அதைக் கூட்டு ஆய்வு என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்களிடம் அதைவிட நல்ல கேள்வி ஒன்று கையிலேயே இருக்கிறது. நோயாளியிடம் இருக்கும் அதே பிளாஸ்மிட்தான் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வட்டம்) கழிவுநீரிலும் இருக்கிறதா? 2015-இல் சீனாவில், கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்புத் தரும் எம்சிஆர்-1 மரபணுவைக் கண்டுபிடித்தபோது எல்லோரும் பதறியது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கோலிஸ்டினுக்குக் கட்டுப்படாத கிருமிகள் அதற்கு முன்பும் இருந்தன, ஆனால் அவற்றில் எதிர்ப்பு குரோமோசோமில் ஏற்பட்ட மாற்றங்களால் வந்தது, தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லுக்குத்தான் போகும். எம்சிஆர்-1 பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருந்தது, ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்குத் தாவிவிடும். ஆக மரபணு இருக்கிறதா என்பதோடு, அது எதன் மேல் ஏறிப் போகிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

அதைக் குறுகிய ரீடுகளில் (ரீடு என்றால் சீக்வென்சர் ஒரே மூச்சில் படிக்கும் டிஎன்ஏ துண்டு) பார்ப்பது கஷ்டம். ஐஎஸ்26 என்று ஒரு துண்டு, சுமார் 820 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளம், ஒரே பிளாஸ்மிட்டில் பல இடத்தில் திரும்பத் திரும்ப வரும். 150 பேஸ் ரீடு அதைத் தாண்டாது, அசெம்பிளி (ரீடுகளை ஒட்டித் தொடராக்குவது) அங்கேயே அறுந்துவிடும். இருபது ஐசோலேட்டை (மாதிரியிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த கிருமியை) மட்டும் நீள ரீடில் செய்து பிளாஸ்மிட்டை முழு வட்டமாக மூடிக் காட்டுங்கள். அந்த வட்டங்களை எப்படி ஒப்பிடுவது என்பது உண்மையாகவே கணினிக்காரருக்கான சிக்கல், முதல் மாதத்திலிருந்தே அவருக்கு வேலை இருக்கும்.

பரவல்_விலக்கம்:
நீள ரீடு பற்றிச் சொன்னது சரி. ஆனால் எந்த இருபது? கையில் வந்ததை எடுத்தால் ஒன்றும் சொல்ல முடியாது, தேர்ந்தெடுக்கும் விதியை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

கணிப்புத் திட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் புள்ளியியல் பக்கம். இதே வேலையை ஒரு முறை செய்து, மாடல் அபாரமாகக் கணிக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம் கிருமிகளின் வம்சாவளி மரம் வரைந்து பார்த்தால், பயிற்சிக்கு எடுத்ததும் சோதனைக்கு எடுத்ததும் ஒரே குளோனின், அதாவது ஒரே மூதாதைக் கிருமியின், பிள்ளைகள். மாடல் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளவில்லை, குடும்பச் சாயலைக் கற்றுக்கொண்டிருந்தது. குளோன் குளோனாகப் பிரித்துச் சோதித்ததும் அந்த அபாரமெல்லாம் போய்விட்டது. இருநூறில் குளோன் வாரியாகப் பிரித்தால் மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். பொதுத் தளங்களில் ஆயிரக்கணக்கான ஜீனோம் இலவசமாகக் கிடைக்கின்றன, பயிற்சிக்கு அவை போதும், உங்களுடையதைச் சோதனைக்கு வையுங்கள்.

இன்னொன்று, எஸ் (மருந்து கேட்கும்), ஆர் (கேட்காது) என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறீர்களா, எம்ஐசி எண் (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) இருக்கிறதா? இந்த அளவுகோல்களை வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் 2019-இல் 'ஐ' என்ற எழுத்துக்கு அர்த்தத்தையே மாற்றியது, இப்போது அது 'கூடுதல் மருந்தளவில் கேட்கும்' என்று பொருள். வெறும் எழுத்தாக இருக்கும் பழைய தரவை அப்படியே புதியதோடு கலக்க முடியாது. எண் இருந்தால் எந்த வருஷ அளவுகோலிலும் திருப்பிப் படிக்கலாம்.

ஈரத்தட்டு:
இருவருக்கும் நன்றி. பாதிக்குத்தான் எம்ஐசி இருக்கிறது, மீதி வெறும் டிஸ்க் (மருந்து ஏற்றிய வில்லையைத் தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பது). மி.மீ. கணக்கு நோட்டில் இருக்கிறது, தேடி எடுத்துவிடலாம். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது: ஏழெட்டு கிளெப்சியெல்லாவில் மெரோபெனம் (கார்பபெனம் வகை மருந்து) டிஸ்க்கைச் சுற்றி வட்டமே இல்லை, ஆனால் கார்பபெனமேஸ் (அந்த வகை மருந்தைச் சிதைக்கும் நொதி) மரபணுவைத் தேடும் பிசிஆர் எல்லாமே நெகட்டிவ். ஏதோ தப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

தினக்கல்ச்சர்:
அதை ஒதுக்காதீர்கள், தயவுசெய்து! நான் மருத்துவமனை லேபில் இருக்கிறேன், எங்களைத் தூங்கவிடாதவை இவைதான். ஓம்ப்கே35, ஓம்ப்கே36 என்ற போரின்கள் (கிருமியின் வெளிச்சவ்வில் துளையாக இருக்கும் புரதங்கள்) கெட்டுப்போய், கூடவே ஈஎஸ்பிஎல் (பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி) இருந்தால், கார்பபெனமேஸே இல்லாமல் கார்பபெனம் வேலை செய்யாமல் போகலாம். மருந்து உள்ளே நுழையும் கதவு மூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்த மரபணு இருக்கிறதா என்று மட்டும் தேடினால் இது கண்ணில் படாது, இருக்க வேண்டியது உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிசிஆரில் சிக்காத கார்பபெனமேஸாகவும் இருக்கலாம், சீக்வென்ஸ் செய்தால்தான் தெரியும். முதலில் டிஸ்க்கைத் திரும்ப வைத்துப் பாருங்கள், எம்ஐசியும் எடுங்கள். அதே முடிவு வந்தால் உங்கள் இருபதில் முதல் எட்டு இவைதான்.

அப்புறம், நோயாளி மாதிரிகளுக்கு நெறிமுறைக் குழு அனுமதியை இன்றே கேளுங்கள். ஒரு வருஷ நிதியில் அதற்கே நாலு மாதம் போனால் மீதியில் என்ன செய்வீர்கள்?

ஈரத்தட்டு:
அனுமதிக் கடிதம் பழைய திட்டத்துக்கு வாங்கியது, ஜீனோம் தரவைப் பொதுவில் போட அதில் இடமில்லை, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நாளைக்கே திருத்தம் எழுதுகிறேன். அந்த எட்டையும் இன்று மாலை தட்டில் கோடு இழுத்து வைக்கிறேன்.