மேல்மாடியில் உக்ரைனியர்: வ்ரோத்ஸ்வாஃப் வந்திறங்கிய தம்பிக்கு

கேள்வி: வணக்கம். வேலைக்காகப் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. என் குழுவில் பாதிப் பேர் உக்ரைனியர். மேல்மாடியில் ஒரு பாட்டியும் பேத்தியும் இருக்கிறார்கள்; அடுத்த ஞாயிறு சாப்பிட அழைத்திருக்கிறார்கள். போர் நடக்கிறது என்பதைத் தவிர அந்த நாட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எங்கே தொடங்கலாம், எதைப் பேசக் கூடாது என்று இங்கே பழகியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, முதலில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். வந்த புதிதில், கார்கிவ் நகரத்துக்காரர் ஒருவர் தன் அம்மாவிடம் ரஷ்ய மொழியில் பேசுவதைக் கேட்டு, "நீங்கள் ரஷ்யரா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் ஆங்கிலம் பேசுகிறீர்களே, வெள்ளைக்காரரா?" என்றார். அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "இந்தியர் என்றால் இந்தி தெரியுமே" என்று யாராவது நம்மிடம் சொன்னால் எப்படிச் சுருக்கென்று தைக்கிறது! எங்கள் வீட்டு அலமாரியில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. அவற்றைப் படித்து வளர்ந்த எனக்கு அந்தப் பக்கம் முழுவதும் 'ரஷ்யா'தான். அந்தப் பழக்கத்தை விடுவதே முதல் பாடம்.

ஆகவே போரிலிருந்து தொடங்காதீர்கள், மொழியிலிருந்து தொடங்குங்கள். தமிழருக்கு அது எளிதான வாசல். உக்ரைனின் பெரும்பகுதியை ஆண்ட ரஷ்யப் பேரரசின் ஜார் ஆட்சி 1863-இல் உக்ரைனிய மொழியில் சமய நூல்களும் பாடநூல்களும் அச்சாவதைத் தடுத்தது. 1876-இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர், ஜெர்மனியில் எம்ஸ் என்ற ஊரில் ஓய்வுக்குப் போயிருந்தபோது, இன்னும் கடுமையான ஆணையில் கையெழுத்திட்டார். புத்தகம், நாடகம், வெளிநாட்டிலிருந்து நூல் வரவழைப்பது என எல்லாவற்றுக்கும் பூட்டு. அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த லிவிவ் நகரத்தில் அச்சகங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் அந்த மொழிக்கு மூச்சுவிட ஓர் இடம் கிடைத்தது. சோவியத் ஆட்சி 1933-இல் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ஓர் எழுத்தையே நீக்கிவிட்டது: 'தங்கம்' என்பதில் வரும் 'க' ஒலிக்கு உரிய எழுத்து அது. 1990-இல்தான் திரும்பி வந்தது. நம் ழகரத்தை ஓர் அரசாணை அறுபது ஆண்டுகளுக்கு நீக்கிவைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. பள்ளியில் எட்டாம் வேற்றுமை, விளி வேற்றுமை என்று படித்தோமே, அது உக்ரைனிய மொழியிலும் உயிரோடு இருக்கிறது. கண்ணனைக் 'கண்ணா' என்று கூப்பிடுவதுபோல, ஒலெனாவை 'ஒலெனோ' என்றும் இவானை 'இவானே' என்றும் கூப்பிடுவார்கள். மேல்மாடிப் பாட்டியின் பெயரைக் கேட்டு, முன்னால் 'அம்மா' போன்ற மரியாதைச் சொல்லான 'பானி' சேர்த்து, விளியில் அழைத்துப் பாருங்கள். மூத்தவர்களின் பெயரோடு தந்தை பெயரும் ஒட்டிவரும். பெட்ரோவின் மகள் என்றால் 'பெட்ரிவ்னா'. நம் முன்னெழுத்தின் விரித்த வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உக்ரைனின் பணமான ஹ்ரிவ்னாவில் 100 நோட்டில் இருப்பவர் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ. 1814-இல் பண்ணையடிமையாகப் பிறந்தவர். 1838-இல் ஓவியர் ஒருவர் தீட்டிய படத்தைக் குலுக்கலில் விட்டு, வந்த 2,500 ரூபிளைக் கொடுத்து அவரை ஆண்டையிடமிருந்து மீட்டார்கள். 1847-இல் கவிதைக்காகக் கைதாகிப் படைவீரனாக நாடுகடத்தப்பட்டார். எழுதவும் வரையவும் கூடாது என்று ஜாரே தன் கையால் குறிப்பு எழுதினார். காலணிக்குள் ஒளித்த சிறு குறிப்பேடுகளில் அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

அடுத்தது பஞ்சம். 1932–33-இல் அரசு தானியத்தைப் பறித்ததால் பல லட்சம் பேர் செத்தார்கள். வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு 35 லட்சத்துக்கு மேல் போகிறது. கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கியவர்களுக்கும் 1932 ஆகஸ்ட் சட்டம் தண்டனை வைத்தது. 1933 ஜனவரியில், பசித்த உழவர்கள் உக்ரைனை விட்டு வெளியேறவும் தடை வந்தது. இதற்கு 'ஹொலொடோமோர்' என்று பெயர். சோவியத் காலத்தில் இதை வெளியில் பேச முடியாது. வீட்டுக்குள் கிசுகிசுத்த கதை. நவம்பரின் நான்காம் சனிக்கிழமை மாலை ஜன்னல்களில் மெழுகுவர்த்தி எரிந்தால் காரணம் இதுதான். பாட்டி தட்டில் ரொட்டி மிச்சம் வைக்க விடமாட்டார். விருந்தில் நினைவிருக்கட்டும்.

போலந்தில் இருப்பதால் ஓர் எச்சரிக்கை. 1943-இல், இன்று மேற்கு உக்ரைனில் இருக்கும் வொலின் பகுதியில் உக்ரைனியப் போராளிகள் பல்லாயிரம் போலந்துக்காரர்களைக் கொன்றார்கள். பழிக்குப் பழியாக உக்ரைனியரும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1947-இல் போலந்து அரசு சுமார் 1,40,000 உக்ரைனியரையும் லெம்கோ என்ற மலைப்பகுதி மக்களையும் தென்கிழக்கிலிருந்து பெயர்த்து வடக்கிலும் மேற்கிலும் சிதறடித்தது. நம் நகரத்தைச் சுற்றியுள்ள கீழ் சிலேசியாவிலும் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். இந்தப் பேச்சு வந்தால் காது மட்டும் கொடுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். நம் சந்தைச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் போலந்து நாடகாசிரியர் ஃப்ரெட்ரோவின் சிலையும், இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தில் இருந்த லிவிவிலிருந்து வந்த அகதிதான். 1956-இல் இங்கே அமர்ந்தது. ரத்ஸ்வாவித்ஸே என்ற ஊரில் நடந்த போரைச் சுற்றிலும் காட்டும், இங்குள்ள வட்ட ஓவியமும் லிவிவில் தீட்டப்பட்டது. ஒரு சனிக்கிழமை இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள், எல்லைக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது புரியும்.

தம்பியின் மறுகேள்வி: நன்றி அண்ணா. போரைப் பற்றி அவர்களே பேசினால்? அப்புறம், நான் சைவம்.

பதில்: அவர்களே பேசினால் கேளுங்கள். 2022-இல் போர் தொடங்கியது என்று மட்டும் சொல்லாதீர்கள். தோனெத்ஸ்க், லுஹான்ஸ்க், கிரிமியாக்காரர்களுக்கு அது 2014-இலேயே தொடங்கிவிட்டது. 2022 பிப்ரவரி 24 முழுப் படையெடுப்பு நாள். "1991 வரை ஒரே நாடுதானே" என்ற வாதமும் வேண்டாம். அந்த ஆண்டு டிசம்பர் 1 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தவர்கள் அவர்கள்.

"வீட்டுக்காரர் எங்கே?" என்று பெண்களிடம் கேட்கவே கேட்காதீர்கள். போர்ச் சட்டத்தால் ஆண்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. பதில் 'போர்முனையில்' என்றும் இருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருக்கலாம். எந்த ஊர் என்று கேளுங்கள். ஊர் என்றால் எல்லாருக்கும் வாய் திறக்கும்.

சைவத்துக்கு ஒரு சொல்: 'பிஸ்னி'. விரத உணவு என்று பொருள். பிஸ்னி போர்ஷ்ச் என்றால் இறைச்சி போடாத பீட்ரூட் சூப். மீன் விரதத்தில் சில நாள் சேரும், அதனால் மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் இறைச்சி இல்லாத பன்னிரண்டு வகை வைப்பார்கள். அன்று அழைத்தால் மறுக்கவே மறுக்காதீர்கள். 2023 முதல் அரசு விடுமுறை டிசம்பர் 25 மட்டும்தான். பழைய நாட்காட்டிப்படி வரும் ஜனவரி 7-ஐ விடாதவர்களும் உண்டு.

வார்சாவிலிருந்து ஓர் அக்கா: நான் யாழ்ப்பாணத்தவள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவர்கள் இடம்பெயர்ந்த கதையைச் சொல்லும்போது "எங்களுக்கும் இப்படித்தான்" என்று நடுவில் புகுந்து நான் ஒருமுறை பேச்சைக் கெடுத்துவிட்டேன். அவர்கள் சொல்லி முடிக்கட்டும். பிறகு அவர்களே நம் கதையைக் கேட்கிறார்கள், என் அனுபவத்தில் மிகவும் அக்கறையாக.

பதில்: சரியாகச் சொன்னீர்கள் அக்கா. தம்பி, கடைசியாகப் பூ. ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள், அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவைத் திறந்ததும் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றே கை நீட்டாதீர்கள்; உள்ளே காலெடுத்து வைத்த பிறகு கை கொடுங்கள்.