பேர மாத்தினா விண்டோஸ் டிபெண்டர் விடுமா? பழைய சொஃப்ட்வெயார் ஒண்டுக்கு உதவி வேணும்

கல்லடிப்பாலம்:
எல்லாருக்கும் வணக்கம். பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்சத யுனிகோட்டுக்கு மாத்துற சின்ன சொஃப்ட்வெயார் ஒண்டு 2016ல செஞ்சு இலவசமா குடுத்தன், மட்டக்களப்பு டவுன்ல இருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் டைப்செட்டிங் கடைகள்ல ஓடிச்சு. 2018ல கையில காசில்லாத நேரம் ஒரு விளம்பரக் கொம்பனி இன்ஸ்டோலுக்கு இவ்வளவு தாறம் எண்டு கேக்க, பிறவுசர்ல போய் ஒட்டுற அவங்கட டூல்பாரையும் இன்ஸ்டோலருக்குள்ள சேத்துட்டன். அதுக்கு டிக் ஏற்கனவே போட்டுத்தான் இருக்கும், ஆக்கள் பாக்காம நெக்ஸ்ட் நெக்ஸ்ட் எண்டு அமத்திருவாங்க. நான் செஞ்சது பிழை. போன வருஷம் டூல்பார் கேக்கிற அந்தப் பக்கத்த இன்ஸ்டோலர்ல இருந்து எடுத்துட்டன், ஆனா இப்பவும் விண்டோஸோட வாற டிபெண்டர் பியூஏ, அதாவது வேண்டாத சொஃப்ட்வெயார் எண்டு தூக்குது, பல அன்டிவைரஸ்ல ஒண்டாப் பைலச் சோதிக்கிற வைரஸ்டோட்டல் தளத்துல 11 இஞ்சின் சிவப்பு. போன கிழமை ஆரையம்பதியில ஒரு கடை அக்கா நேரவே சொன்னா, "தம்பி உன்ட சாமானப் போட்டா பிறவுசர்ட முன்பக்கமே மாறுது, வேணாம்" எண்டு. அண்டைக்கு ராவு நித்திரையே இல்ல. புதுப் பேர், புது லோகோ, புது டொமைன் எண்டு மாத்தினா சரி வருமா?

அக்கரைப்பற்று நானா:
தம்பி, பேர மட்டும் மாத்தினா ஒண்டும் நடக்கா. அன்டிவைரஸ்கள் பாக்கிற பைல்ட ஹாஷ் (கைரேகை மாதிரி ஒரு எண்), ஆர் செஞ்சதெண்டு காட்ட சைன் பண்ணின சேர்டிபிகேட், டவுன்லோட் லிங்க், உள்ளுக்க கிடக்கிற கோட், அது செய்யிற வேலை. கேட்டர் எண்டு ஒரு கொம்பனி 2003ல கிளாரியா எண்டு பேர மாத்திச்சு, அதே விளம்பர வேலையத்தான் செஞ்ச, கெட்ட பேரும் கூடவே வந்திச்சு, 2008ல மூடிட்டாங்க. சொஃப்ட்வெயார் டவுன்லோட் தளம் சோர்ஸ்போர்ஜ் 2016ல புது ஓனர்ர கைக்கு வந்ததும் இன்ஸ்டோலர்ல விளம்பரம் சேக்கிற திட்டத்தயே நிப்பாட்டினாங்க, பேர் அதே பேர்தான். நீ முதல்ல உன்ட செட்டப் பைல 7-ஸிப்ல திறந்து பாரு. பக்கத்த எடுத்திருப்பாய், டூல்பார்ட டிஎல்எல் (கோட் இருக்கிற பைல்) உள்ளுக்கயே இரிக்கும்.

கல்லடிப்பாலம்:
நானா நீங்க சொன்னது சரி!! டெம்ப் போல்டருக்குள்ள அந்தக் கொம்பனிட டிஎல்எல் அப்படியே கிடக்கு, பழைய ஸ்கிரிப்ட்ட கொப்பி பண்ணித்தான் நான் புதுசு செஞ்ச, அந்த வரிய கவனிக்கவே இல்ல.

வந்தாறுமூலை:
அண்ணா இன்னொண்டு, பழைய டொமைன விட்டுராதீங்க. பழைய வேர்ஷன் போட்ட ஆக்கள்ட கொம்பியூட்டர் இன்னும் அங்கதான் அப்டேட் கேட்டு வரும், டொமைன் காலாவதியாகி வேற ஆரும் எடுத்தா அவங்க என்னத்தையும் அனுப்பலாம். அதே வழியால சுத்தமான கடைசி அப்டேட் ஒண்ட அனுப்புங்க, டூல்பார் கழட்டவா எண்டு கேட்டுக் கழட்டுற மாதிரி. பேர் மாத்துறதெண்டாலும் அபவுட்ல பழைய பேரப் போடுங்க, ஒளிச்சா ஆக்கள் இன்னும் பயப்படுவாங்க.

அக்கரைப்பற்று நானா:
ஓம், அந்தத் தங்கச்சி சொல்றது முக்கியம். சுத்தம் பண்ணின பிறகு மைக்ரோசொஃப்ட்ட பைல் சப்மிஷன் பக்கத்துல டெவலப்பர் எண்டு லொகின் பண்ணி அனுப்பு, எத எப்ப எடுத்தாய் எண்டு எழுது. மற்ற இஞ்சின்களுக்கும் வேற வேறயாத்தான் அனுப்போணும், வைரஸ்டோட்டல் காட்டுறது மட்டும்தான், அவங்க ஒண்டையும் நீக்க மாட்டாங்க. சேர்டிபிகேட் இல்லாட்டி ஒவ்வொரு புது பில்டுக்கும் (புதுசாச் செஞ்ச பைல்), தெரியாத பைலுக்கு எச்சரிக்கை காட்டுற விண்டோஸ் ஸ்மார்ட்ஸ்கிரீன்ல நம்பிக்கை திரும்பவும் பூச்சியத்துல இருந்துதான், அதால சும்மா சும்மா பில்ட் விடாத.

கல்லடிப்பாலம்:
மூணு கிழமைக்குப் பிறகு வாறன். டிஎல்எல் இல்லாம திரும்ப பில்ட் பண்ணி அனுப்பின, டிபெண்டர் இப்ப பிடிக்கல்ல, 11 இருந்தது 2 ஆயிட்டு, அந்த ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கன். ஸ்மார்ட்ஸ்கிரீன்ட நீல எச்சரிக்கை ஜன்னல் இன்னும் வருது, சேர்டிபிகேட்டுக்குக் காசு சேக்கிறன். பேர மாத்தல்ல. நேத்து அந்த அக்காட கடைக்குப் போய்க் கேட்டு, ரெண்டு கொம்பியூட்டர்லயும் டூல்பார நானே கழட்டிக் குடுத்தன். அவட லாச்சிக்குள்ள கிடந்த சிவப்புப் பென்டிரைவ்ல 2018 செட்டப் இருந்த, அதத்தான் பக்கத்துக் கடைகளுக்கும் குடுத்திருக்கா. அதையும் அழிச்சிட்டு புதுச போட்டுக் குடுத்திட்டு, மற்ற மூணு கடைட பேரையும் எழுதி எடுத்துட்டு வந்தன், நாளைக்குப் போறன்.