6400 ஆர்பிஎம்மில் கியர் மாற்றினால் 4எல்60இ தாங்குமா?

கருஞ்சக்கரம்:
என்னிடம் இருப்பது எல்எஸ்1 இன்ஜினும் 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்ட 2001 கமாரோ இசட்28. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), வால்வு ஸ்பிரிங் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் இப்போது 5600 ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) ஒட்டி கியர் மாறுகிறது. அதை 6400க்கு உயர்த்த எண்ணுகிறேன். கியர்பாக்ஸின் ஆயுள் குறையுமா?

பல்லிணை:
குறையும். ஒவ்வொரு முறை கியர் ஏறும்போதும் இன்ஜின் பக்கத்துச் சுழற்சியைக் கிளட்ச் தட்டுகளும் பேண்டும் (டிரம்மை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் பட்டை) உரசித்தான் அடக்க வேண்டும். அந்த ஆற்றல் சுழலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், வேகம் 14 சதவீதமே கூடினாலும் அந்த வகையில் தட்டுகளில் இறங்கும் வெப்பம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிடும். இந்தக் கியர்பாக்ஸில் அடி வாங்குவது, மூன்றாவது, நான்காவது கியர்களுக்கான 3-4 கிளட்ச். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது, பேண்ட் விடும் அதே கணத்தில் அது பிடித்தாக வேண்டும். இரண்டாவது கியரில் அசையாமல் நின்ற சன் ஷெல் (நடுப் பல்சக்கரத்தோடு இணைந்த உலோகக் கூடு), மூன்றாவது விழுந்ததும் 3900 ஆர்பிஎம் அளவில் சுழல வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் மெக்கானிக்குகள் முதலில் பார்ப்பதும் அந்தத் தட்டுகளைத்தான்.

அச்சாணி:
நண்பரின் கணக்கு சரி, ஆனால் பாதிக் கணக்கு. தட்டுகள் வழுக்கிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் இன்ஜினும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் நீண்டால், சுழற்சியை அடக்குவதில் எழும் வெப்பத்தை இது விஞ்சிவிடும். எண்ணெய் அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் தீர்மானிப்பது, தான் கணக்கிடும் இன்ஜின் டார்க்கை (முறுக்கு விசை) வைத்து. கேம்ஷாஃப்ட்டை மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் உள்ள காற்றளவு அட்டவணையைச் சரியாகத் திருத்தாவிட்டால் டார்க் குறைவாகத் தெரியும், அழுத்தமும் குறையும்; அப்படிப்பட்ட வண்டி 5000இல் மாற்றினாலும் தட்டைக் கருக்கிவிடும்.

இன்னொன்று, முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63. இந்த இடைவெளியில் 5600இல் மாற்றினால் இன்ஜின் வேகம் 3000 ஆர்பிஎம்முக்கும் கீழே விழும்; 6400இல் மாற்றினால் 3400இல் நிற்கும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் வழுக்கலால், ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் அவ்வளவு இறங்காதது உண்மைதான். ஆனாலும் உயர் ஆர்பிஎம்முக்காகக் கேம்ஷாஃப்ட்டை மாற்றிவிட்டு, கியரைப் பழைய புள்ளியிலேயே மாற்றுவது செலவழித்த பணத்தை வீணாக்குவதாகும்.

பல்லிணை:
வேகமாகப் போகும் என்பதை யார் மறுத்தார்கள்? கேள்வி ஆயுளைப் பற்றியது. அழுத்தத்தால் தீராத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 3-4 கிளட்ச்சின் பிஸ்டன் இருக்கும் டிரம், இரண்டாவது கியரிலும் உள்ளீட்டுத் தண்டின் வேகத்திலேயே சுழல்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் தங்கிய எண்ணெய் மையவிலக்கு விசையால் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, யாரும் கேட்காமலேயே பிஸ்டனை அழுத்தப் பார்க்கும். அந்த எண்ணெயை வெளியேற்றுவது டிரம்மில் உள்ள ஒரு சிறிய செக் பால் கேப்சூல் (குண்டு வைத்த வால்வு). அது தேய்ந்து கசிந்தால், பிடிக்கும் நேரத்தில் அங்கேயே அழுத்தம் வீணாகி 3-4 தட்டுகள் வழுக்கும்; அடைத்துக்கொண்டால், கியர் மாறும் முன்பே தட்டுகள் உரசத் தொடங்கும். இந்த மையவிலக்கு அழுத்தமும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் உயர்கிறது. அழுத்தத்தை ஏற்றி, கியரை வெடுக்கென்று விழவைத்தால் வழுக்கல் குறையும் என்பீர்கள். அந்த அதிர்ச்சியில் விரிசல் விடுவது சன் ஷெல்.

அச்சாணி:
கேப்சூலைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது ஓவர்ஹாலில் மாற்றக்கூடிய மலிவான பாகம். அதைக் காட்டி 6400ஐயே தடைசெய்வது மிகை. ஷெல்லின் கதை வேறு. கியர் மாறும் நொடியில் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளி டார்க்கைக் குறைக்கிறது. டியூனர்கள் பலர், கியர் விழுவது முதுகில் உறைக்க வேண்டும் என்பதற்காகவே அதை நீக்கிவிட்டு, பிறகு ஆர்பிஎம்மின் மேல் பழி போடுகிறார்கள். அதை நீக்காதீர்கள், தனி ஆயில் கூலர் ஒன்றையும் பொருத்துங்கள்.

கருஞ்சக்கரம்:
டார்க் குறைப்பு இன்னும் நீக்கப்படவில்லை. கம்ப்யூட்டரின் கியர் மாற்ற அட்டவணையில் 6400 என்றே எழுதலாமா?

பல்லிணை:
கூடாது. கியரை மாற்றும்படி கம்ப்யூட்டரின் கட்டளை போன பிறகு தட்டு பிடிக்கும்வரை இன்ஜின் ஏறிக்கொண்டேதான் இருக்கும், முதல் கியரில் மிக வேகமாக ஏறும். உண்மையில் 6400இல் மாற வேண்டுமானால் கட்டளையைச் சில நூறு ஆர்பிஎம் முன்னதாக வைத்து, ஓட்டத்தின்போது கம்ப்யூட்டர் எடுக்கும் பதிவைப் பார்த்துத் திருத்துங்கள். என்னைக் கேட்டால், 2-3 மாற்றத்தை மட்டுமாவது 6000இல் நிறுத்துங்கள். அங்கே கியர் இடைவெளி குறைவு என்பதால் இழப்பும் குறைவு.

அச்சாணி:
2-3க்கு 6200 என்பேன். அதற்குக் கீழே வர மனமில்லை.