70 மி.மீ. பைப் போட்டதும் லீன் (பெட்ரோல் குறைவு) கோடு: ஏர்ஃப்ளோ சென்சாரை எடுத்துவிட்டு மேப் சென்சாருக்கு (இன்டேக் மானிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) மாறலாமா?

தொப்பூர்_ஏத்தம்:
1.6 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. ஹாட் வயர் ஏர்ஃப்ளோ சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடான கம்பியால் அளப்பது). கம்பெனி குழாயின் உள்விட்டம் 60 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 70 மி.மீ. அலுமினியப் பைப்பில் அதே சென்சாரை உட்கார வைத்து, கோன் ஃபில்டர் போட்டிருக்கிறேன். இப்போ லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் தானே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) +22, பி0171 என்ற லீன் கோடு. சேலத்திலிருந்து தர்மபுரி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் மூணாவது கியரில் முழுசா மிதித்தால் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்). மேப் சென்சாரோடு தனி ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) போட்டால் தீருமா?

பாலக்கோடு_பிஸ்டன்:
அண்ணா, சென்சார் மேல் தப்பில்லை, பைப்தான். தன் மேல் படுகிற காற்றை மட்டும் வைத்துத்தான் அந்த வயர் மொத்தக் கணக்கைப் போடுகிறது. 60-ஐ 70 ஆக்கினால் குறுக்குப் பரப்பு 1.36 மடங்கு. அதே காற்று மெதுவாக நகரும், சென்சார் சுமார் 26 சதவீதம் குறைத்துச் சொல்லும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு சமாளித்துவிடும். முழு மிதியில் லோடு குறைவென்று நம்பி இக்னிஷன் அட்வான்ஸையும் ஏற்றிவிடும், அதாவது தீப்பொறியை இன்னும் முன்கூட்டியே விடும். நீங்கள் கேட்கிற சத்தம் அதுதான். இப்படியே ஏற்றத்தில் மிதிக்காதீர்கள், பிஸ்டனில் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் விளிம்பு) உடையும்.

முதலில் பழைய 60 மி.மீ. குழாயை மாட்டுங்கள், கோன் ஃபில்டர் அதற்கு முன்னால் இருக்கட்டும். எண்ணெய் தடவும் ஃபில்டர் என்றால் வயரில் எண்ணெய் படிந்திருக்கும். ஏர்ஃப்ளோ சென்சார் கிளீனர் மட்டும் அடியுங்கள், கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். அதன்பிறகும் ஐடிலில் +10 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால், சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று இழுக்கிறது. கிளாம்ப், பிசிவி ஹோஸ் (எஞ்சின் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) பாருங்கள்.

ஓசூர்_லாம்டா:
மேலே சொன்னதைச் செய்தாலே உங்கள் வண்டிக்குப் போதும். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), த்ராட்டில் எல்லாம் மாற்றும் எண்ணம் இருந்தால் மேப் சென்சாருக்குப் போங்கள்.

மேப் ஹோஸை ஒரு சிலிண்டருக்கு மட்டும் போகும் ரன்னர் குழாயிலிருந்து எடுக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவான பிளீனம் அறையிலிருந்து எடுக்கணும், இல்லையென்றால் ரீடிங் குதிக்கும். காற்று வெப்பநிலை சென்சாரை மானிஃபோல்டில் திருகாதீர்கள். மே மாதம் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்றால் இரும்புச் சூடு ஏறி, 40 டிகிரி காற்றை 65 என்று சொல்லும். காற்று லேசாகிவிட்டதென்று ஈசியு 7 சதவீதம் பெட்ரோலைக் குறைக்கும், வண்டி எடுக்கும்போது திணறும். த்ராட்டிலுக்கு முன்னால் ரப்பர் குழாயில் வையுங்கள்.

வைட்பேண்ட் (கலவையைத் துல்லியமாக அளக்கும் ஆக்சிஜன் சென்சார்) இல்லாமல் டியூனிங்கைத் தொடவே கூடாது. இப்போ பங்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால்), ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு அதற்குப் பொருந்தாது, லாம்டாவிலேயே பாருங்கள் (1.00 சரியான கலவை, கூடினால் பெட்ரோல் குறைவு). சீரான ஓட்டத்துக்கு 1.00, முழு மிதிக்கு 0.87. கூலண்ட் 80 டிகிரி தாண்டிய பிறகு, க்ளோஸ்டு லூப் கரெக்‌ஷனை (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு செய்யும் திருத்தம்) அணைத்துவிட்டு லாக் எடுங்கள். விஇ டேபிளில் (சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்புகிறது என்ற சதவீத அட்டவணை) ஒரு கட்டத்தில் 62 இருந்து, லாம்டா 1.00 வேண்டிய இடத்தில் 1.08 வந்தால், 62 × 1.08 = 67 என்று மாற்றணும். பெட்ரோல் சரியாகும் வரை இக்னிஷனை அடக்கியே வையுங்கள்.

லோடு கிடைக்கிறதே என்று தொப்பூர் கணவாயில் டியூன் பண்ண வேண்டாம். லாரி நெரிசலில் லேப்டாப்பைப் பார்த்தால் உயிர் போகும். டைனோவில் (நின்ற இடத்திலேயே லோடு கொடுத்து ஓட்டும் உருளை மேடை) ஏற்றுங்கள்.

தொப்பூர்_ஏத்தம்:
பழைய குழாய் மாட்டியதும் ட்ரிம் +3, நாக்கிங் இல்லை. ஆனாலும் கேம் மாற்றப் போகிறேன், அதனால் தனி ஈசியுவும் மாட்டியாச்சு. மேப் சென்சார் எம்பிஎக்ஸ் 4250. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் 101 கிலோபாஸ்கல். வானிலை ஆப்பிலும் 1010 மில்லிபார். சரிதானே?

ஓசூர்_லாம்டா:
சரியில்லை. ஆப் காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய கணக்கு. தர்மபுரி உயரத்துக்கு 95, 96தான் வரணும். ஓசூரில் 91 பக்கம் வரும். அந்த சென்சாரில் ஒரு கிலோபாஸ்கலுக்கு 0.02 வோல்ட். ஐந்து கூடுதல் என்றால் 0.1 வோல்ட். சென்சார் கிரவுண்டை பாடியில் பிடித்திருக்கிறீர்களா? எடுத்து ஈசியுவின் சென்சார் கிரவுண்ட் பின்னில் கொடுங்கள். இப்படியே விட்டால் ஐடிலில் 35 இருக்க வேண்டிய இடத்தில் 40 காட்டும், பெட்ரோல் 14 சதவீதம் கூடும்.

தொப்பூர்_ஏத்தம்:
பாடி போல்ட்டில்தான் இருந்தது. மாற்றியதும் 95.8.