பள்ளியில் இலவச நாப்கின்: எத்தனை வாங்குவது, எங்கே வைப்பது?

வெண்துளிர் கேட்டது:

11 முதல் 17 வயது வரை 240 மாணவிகள் படிக்கும் பள்ளி. பெற்றோர் குழு ஓராண்டுக்கு நாப்கின் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறது. இப்போதைக்கு ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டி வைத்து, கேட்பவர்களுக்கு ஒன்று கொடுக்கிறோம். மூன்று மாதத்தில் 40 கூடச் செலவாகவில்லை. “தேவையே இல்லை போலிருக்கிறதே” என்கிறார்கள் குழுவில் சிலர். ஆனால் மாதாமாதம் இரண்டு மூன்று நாள் வராமல் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது.

மாதத்துக்கு எத்தனை வாங்க வேண்டும்? எங்கே வைக்க வேண்டும்? துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் கொடுத்தால் செலவு மிச்சமாகுமா? வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது?

கணக்குநோட்டு:

பூட்டிய அலமாரியை வைத்துத் தேவையை அளக்காதீர்கள். சாவி யாரிடம் என்று தேடிப்போய், நாலு பேர் காதில் விழும்படி கேட்க வேண்டுமென்றால், பிள்ளைகள் தாள்களை மடித்து வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

கணக்கு இப்படி வரும். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாளுக்கு 4, ஐந்து நாளுக்கு 20. அதுதான் ஒருவருக்கு ஒரு சுற்றுக்குத் தேவை. 240 பேரில் 200 பேருக்கு மாதவிடாய் தொடங்கியிருக்கிறது, அவர்களில் 60 பேர் வீட்டில் வாங்க முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 பேருக்கு வீட்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரவுக்கு இல்லாதவள் காலையில் பள்ளிக்கு வர மாட்டாள். 60 × 20 = 1,200. மீதி 140 பேருக்கு அவசரத்துக்கு ஆளுக்கு 2 வீதம் 280. ஆக 1,480, பத்து சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 1,630.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 28 நாள் சுற்று என்றால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 வரும். 12 மாதம் என்று கணக்குப் போட்டால் ஆண்டுக் கடைசியில் ஒரு மாதச் சரக்கு குறையும். நீண்ட விடுமுறைக்கு முன்னால் இரண்டு பொட்டலமாகக் கொடுத்துவிடுங்கள்.

வைக்க வேண்டிய இடம் கழிவறைக்கு உள்ளே, தண்ணீர் தெறிக்காத சுவரில். ஈரம் பட்ட நாப்கின் அங்கேயே உப்பிவிடும். அதனால் மேலே மூடி, அடியில் கைவிட்டு எடுக்கும் திறப்பு உள்ள பெட்டி நல்லது. தனித்தனி உறையில் வருவதையே வாங்குங்கள், சிறியதும் பெரியதுமாக இரண்டு அளவில். பெட்டிக்குள் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு கோடு போட்டு, கோடு தெரிந்தால் நிரப்ப வேண்டும் என்று இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் விடுப்பு எடுக்கும் நாளில் பெட்டி காலி.

முதல் இரண்டு வாரம் மளமளவென்று தீரும். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று நாலைந்தாக எடுத்து வைப்பார்கள். “திருடுகிறார்கள்” என்று அப்போது பூட்டுப் போட்டீர்களென்றால் திட்டமே போச்சு. விடாமல் நிரப்புங்கள், எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் குறையும். பெயர் எழுதும் பதிவேடு வேண்டவே வேண்டாம். எத்தனை நிரப்பினோம் என்ற கணக்கு போதும்.

நீலக்குடம்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மொத்தமாக வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அதில் 10 மில்லியை நாப்கினின் நடுவில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் விட்டு, மேலே டிஷ்யூ தாள் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். தாள் நன்றாக நனைந்தால் அந்த நாப்கின் வேண்டாம். வெறும் தண்ணீரில் சோதித்தால் ஏமாந்துவிடுவோம். உள்ளே இருக்கும் உறிஞ்சும் தூள் நல்ல தண்ணீரைப் பல மடங்கு கூடுதலாகக் குடிக்கும், உப்புக் கலந்தால் திறன் சட்டென்று குறையும். இரத்தத்திலும் உப்பு உண்டே. பின்பக்கப் பசையையும் பழைய உள்ளாடை ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். பசை பிடிக்காமல் நழுவினால் என்ன உறிஞ்சினாலும் பக்கவாட்டில் கறைபடும்.

துணி நாப்கின் செலவைக் குறைக்கும்தான். ஆளுக்கு 6 முதல் 8 வேண்டும். பாதி காயும்போது பாதி உடம்பில் இருக்கும். குளிர்ந்த நீரில் அலச வேண்டும், சூடான நீரில் கறை உறைந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் முழுக்கக் காய வைக்க வேண்டும். சிக்கல் வருவது காய வைப்பதில்தான். ஒற்றை அறை வீட்டில் எல்லார் கண்ணும் படும் கொடியில் போடக் கூச்சப்பட்டு, கட்டிலுக்கு அடியிலோ வேறு துணிக்கு அடியிலோ ஒளித்துக் காய வைத்தால் ஈரம் போகாது. நாற்றம், அரிப்பு, தோல் புண் எல்லாம் வரும். தண்ணீர், சோப்பு, வெயில், மறைவான இடம் நான்கும் இருக்கும் வீட்டுக்குத்தான் அது சரிப்படும். எனவே இரண்டையும் வைத்து, அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

குப்பைக்கு வருவோம். மூடியுள்ள தொட்டி ஒவ்வொரு கழிவறைக்குள்ளும் இருக்க வேண்டும். வெளியே ஒரே ஒரு பெரிய தொட்டி என்றால், கையில் எடுத்துக்கொண்டு நடக்கக் கூச்சப்பட்டு உள்ளேயே போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். சுற்றிப் போடப் பழைய தாளும் வையுங்கள். சின்ன எரிப்பான் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அது எத்தனை டிகிரியில் எரிகிறது என்று கேளுங்கள். 800 டிகிரி செல்சியசுக்குக் கீழே பிளாஸ்டிக் சரியாக எரியாது, நச்சுப்புகைதான் வரும்.

வெண்துளிர்:

எங்கள் கழிவறைகள் இரண்டில் தாழ்ப்பாளே இல்லை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று இப்போதுதான் புரிகிறது. குழுவில் ஒருவர், ஏழைப் பிள்ளைகள் யார் என்று பட்டியல் எடுத்து அவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்கிறார். வகுப்புப் பாடம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

கரும்பலகை:

பட்டியல் வேண்டாம். அதில் பெயர் வருவதே ஒரு அவமானமாகிவிடும். ஸ்காட்லாந்தின் 2021 சட்டம் நாப்கின் போன்ற மாதவிடாய்ப் பொருட்களை இலவசமாகக் கொடுப்பதை உலகிலேயே முதன்முதலாகச் சட்டக் கடமையாக்கியது. 2022 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தேவைப்படும் எவருக்கும் இலவசம், எளிதாகக் கிடைக்க வேண்டும், கண்ணியம் கெடக்கூடாது, வகைகளில் தேர்வு இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வீட்டுக்கான பொட்டலத்தையும் எல்லா மாணவிகளுக்கும் பொதுவாக வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

பாடத்தை 9, 10 வயதிலேயே தொடங்குங்கள். வயதுக்கு வந்த பிறகு சொன்னால், முதல்முறை இரத்தத்தைப் பார்த்து நோயோ காயமோ என்று பயந்துபோனவளுக்கு அது காலம் கடந்த பாடம். பையன்களுக்கும் அதே பாடம்தான். கறை பார்த்துச் சிரிப்பது அப்போதுதான் நிற்கும்.

படம் காட்டுவதைவிடப் பொருளைக் கையில் கொடுங்கள். உறையைப் பிரித்து, பசைத்தாளை உரித்து, நடுவில் ஒட்டி, இரு சிறகையும் கீழே மடிப்பது வரை ஒவ்வொருவரும் செய்து பார்க்கட்டும். பசைப்பக்கத்தை உடம்புப் பக்கம் வைத்துவிடும் சிறுமிகள் உண்டு. சொல்லிக்கொடுக்காவிட்டால் எப்படித் தெரியும்?

கேள்விப்பெட்டி வைத்தால் எழுதுபவள் யார் என்று பார்த்துவிடுவார்கள் என்று யாரும் எழுத மாட்டார்கள். அதற்கு வழி, எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு கொடுத்து, கேள்வி இல்லாதவர்களும் ஏதாவது ஒரு வரி எழுதி மடித்துப் போடச் சொல்வதுதான். அப்போது யார் கேட்டார்கள் என்றே தெரியாது.

கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொன்று: பிறப்புறுப்பின் உள்ளே சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம், வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். வாசனை நாப்கின் சிலருக்கு எரிச்சல் தரும். உடம்புக்குள்ளே வைக்கும் பஞ்சுச் சுருளான டாம்பானை 8 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

வெள்ளைச்சீருடை:

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்பதைக் கழிவறைச் சுவரிலேயே எழுதி ஒட்டுங்கள். ஒரு நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நனைந்து, அது தொடர்ந்து நடப்பது; 7 நாளுக்கு மேல் நீடிப்பது; பெரிய கட்டிகளாகப் போவது; 15 வயதாகியும் தொடங்காதது; தொடங்கிய பின் மூன்று மாதம் வராமல் நிற்பது; பள்ளிக்கே வர முடியாத வலி. தொடங்கி முதல் இரண்டு ஆண்டு தேதி முன்னே பின்னே போவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம் என்பதையும் கூடவே எழுதுங்கள்.

பிள்ளை எப்போதும் சோர்ந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கினால் இரத்தசோகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலி வந்து படுத்துவிடுபவளுக்கு வென்னீர்ப் பை ஒன்றை ஓய்வறையில் வையுங்கள், துணியில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று அளவில் பாவாடையும் உள்ளாடையும் அதே அறையில் இருக்கட்டும். நனைந்த உள்ளாடையில் புது நாப்கினும் ஒட்டாது.